இரண்டாம் முனையில் வைத்த அரக்கு

பழுகாமத்தில் ஒரு வீட்டில் கிடந்த றேடியோச் சத்தத்தைப் பெருக்குகிற பழைய குழலைத் திருத்தப் போன றேடியோக்காரத் தம்பிமார் இரண்டு பேர் போன மாதம் என்னிடம் வந்தார்கள். "அம்மா, அது மெய்யாகவே கடதாசியா? தட்டினால் பலகை மாதிரி இருக்கு. உங்கட கையால ஒட்டினதெண்டு சொல்லுறாங்க" என்றார்கள். ஓம் என்றேன். எப்படி என்று கேட்டார்கள். எனக்கு ஆட்களுக்கு முன்னால் பேச்சு வராது, பாதியில் நின்றுவிடும். எழுதித் தாறன் என்று சொல்லி அனுப்பினேன். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினவள் எழுதுகிறது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

குழல் செய்த கொட்டில் ஆரையம்பதியில் வாவிக் கரையோரம் இருந்தது. நடத்தினவர் ஞானமுத்து ஐயா, தந்தி இலாகாவில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். பெண்சாதி பிள்ளைகள் இல்லை, கொழும்பில் ஒரு தமையன் மட்டும். யுத்தம் தொடங்க நாலைந்து வருடத்துக்கு முன்னம் நான் அங்கே சேர்ந்தேன். என் புருசன் காய்ச்சலில் போய் அப்போது ஏழு மாதம். வலை முடிகிற கை, பொறுமை இருக்கும் என்று ஆரோ சொல்லி என்னை எடுத்தார்கள். பெண்கள் நாலு பேர் இருந்தோம். முதல் ஒரு வருடம் கடதாசி கிழித்தேன், பசை காய்ச்சினேன், வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் என் பயிற்சி.

குழல் ஏன் தேவைப்பட்டது என்பதை முதல் சொல்லவேணும். வாவிக்கு அங்கால், படுவான்கரையில், அந்நாளில் மின்சாரம் இல்லை. றேடியோவும் கிராமபோனும் பற்றரியில்தான் பாடும். பற்றரியைத் தோணியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வரவேணும். ஆகவே கொஞ்சச் சக்தியில் வீடு நிறையச் சத்தம் வேண்டும். நல்ல குழல் ஒன்றைப் பூட்டினால் அது நடக்கும்.

முதல் வேலை அச்சு. நடுவில் ஒரு கம்பை நட்டு, சுற்றிக் களிமண் அப்பி, தச்சன் வெட்டித் தந்த வளைவுப் பலகையைக் கம்பைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்தால் களி குழலின் உள்வடிவத்துக்கு வரும். அந்த வளைவு ஐயாவின் கணக்கு. ஒரு சோடியில் பெரிய குழல் ஒன்று, சின்னக் குழல் ஒன்று. பெரிய குழலுக்கு ஒவ்வொரு அடிக்கும் உள்வெளியின் பரப்பு இரட்டிக்கவேணும். சின்னக் குழலுக்கு ஒவ்வொரு ஒன்றரை அங்குலத்துக்கும் இரட்டிக்கவேணும். அங்குலம் அங்குலமாகச் சுற்றளவு எழுதின மட்டை ஒன்று சுவரில் தொங்கும். நாங்கள் நூலால் சுற்றிச் சரிபார்ப்போம்.

"ஏன் ஐயா, ஒரேயடியா அகட்டிவிட்டா என்ன?" என்று பொன்னம்மா ஒருநாள் கேட்டாள். எங்கள் நாலு பேரில் வாய் உள்ளவள் அவள்தான்.

"திடீரெண்டு அகண்டா சத்தம் பயந்து திரும்பி வந்திரும். அதுக்குத் தெரியாம அகலவேணும்."

"என்ட புருசன்ட வயிறு மாதிரி" என்றாள் பொன்னம்மா. ஐயா சிரிக்கவில்லை. மட்டையைப் பார்த்துக்கொண்டு, "ஓம், கிட்டத்தட்ட" என்றார்.

களி காய்ந்ததும் சாம்பல் பூசி, மேலே கடதாசி ஒட்டுவோம். மரவள்ளி மாப்பசை, அதில் பூச்சி வராமல் மயில்துத்தம் கொஞ்சம். கடதாசியைக் கையால் கிழிக்கவேணும், கத்தரிக்கோல் ஆகாது. வெட்டின ஓரம் படி மாதிரி நிற்கும், கிழித்த ஓரம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். ஒரு படை தினசரித் தாள், அடுத்த படை பார்சல் சுற்றுகிற கபிலக் கடதாசி. மாறி மாறி ஒட்டினால்தான் எந்த இடத்தில் படை விட்டுப்போச்சு என்று கண்ணுக்குத் தெரியும். மொத்தம் பதினாறு படை. ஒவ்வொன்றும் நிழலில் காயவேணும். வெயிலில் வைத்தால் கோணும். முடிந்ததும் தூக்கினால் அச்சைவிட்டுக் கழன்று வரும். உள்ளே அரக்குப் பூச்சு.

ஐயா நடு விரலை மடித்துத் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் இன்னும் இரண்டு படை. "குழல் தன்ட பாட்டுக்குப் பேசக்கூடாது. பாடுறவன்தான் பேசவேணும்" என்பார். மொத்தென்று இருந்தால், "ம். காயட்டும்" என்பார். நல்லது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "காயட்டும்" என்றால் நல்லது என்று அர்த்தம்.

பெரிய குழல் எட்டு அடி. அது நீட்டுக்கு எந்த வீட்டிலும் கொள்ளாது. மூன்று துண்டாகச் செய்து, இரண்டு வளைவு வைத்து மடக்கிப் பொருத்துவோம். வாய் ஒன்றரை முழத்துக்குக் கிட்ட இருக்கும். மத்தளத்தின் தொப்பிப் பக்கத்து அடி, ஆணின் அடிக்குரல் எல்லாம் அதில் வரும். வயலின், தாளம், பெண் குரலின் மேல் பக்கம் சின்னக் குழலில் வரும். ஒவ்வொன்றின் கழுத்திலும் சத்தத்தை எழுப்புகிற, கொழும்பிலிருந்து வாற யூனிட் ஒன்று இருக்கும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மகள் தாய் வீட்டிலேயே இருப்பாள் அல்லவா, ஒரே குசினியில் இரண்டு வாய். அதனால் பெரியதைத் தாய் என்றும் சின்னதை மகள் என்றும் நாங்கள் சொல்வோம். கேட்டுக் கேட்டு ஐயாவும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

தாயும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் விளங்காது. எதுவரைக்கும் தாய், எங்கேயிருந்து மகள் என்று பிரித்துவிட ஒரு பெட்டி உண்டு. அதற்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். இரண்டாம் வருடத்திலிருந்து சுருள் சுற்றுகிறது என் வேலை. நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போடுவேன். பொன்னம்மா பக்கத்தில் பசை காய்ச்சிக்கொண்டு குழப்புவாள். "அறுவத்தி நாலு, தொண்ணூத்தி ஒண்டு, உன்ட மாமிக்கு எத்தினை பல்லுகா?"

ஒருதரம் நான் சுற்றின சுருளை ஐயா வாங்கி, முழுவதையும் கழற்றி எண்ணினார். அரை நாள் போனது. கடைசியில் கம்பியை என் கையில் தந்து, "மூண்டு குறையுது" என்றார். ஏச்சு இல்லை, முகக் கோணல் இல்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் குறைந்ததில்லை.

கடைசி வேலையை ஐயா மட்டும்தான் செய்வார். மகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அந்தப் பெட்டியில் ஐந்து முனை இருக்கும். ஒன்று குறைவு, ஐந்து கூட. ஐயா நாற்காலியில் கண்ணை மூடி இருந்து இசைத்தட்டைக் கேட்டு, எந்த முனை என்று தீர்மானித்து அந்த முனையில் திருகாணியை முறுக்குவார். மேலே அரக்கு உருக்கி விட்டு, தந்தி இலாகாச் சட்டையில் இருந்த பித்தளைப் பொத்தானால் முத்திரை குத்துவார். அந்த முனையைத் தன்னைத் தவிர வேறு ஆரும் தொடக்கூடாது என்பது கொட்டிலின் சட்டம். பொத்தான் அவருடைய மேசைக்கு மேல் ஓர் ஆணியில் தொங்கும்; குழல் பொருத்தப் போகிற நாளில் அரக்கோடு அவருடைய சட்டைப்பைக்குள் போகும்.

நான் சேர்ந்த காலத்தில் பெரும்பாலும் இரண்டாம் முனையில் வைத்தார். பிறகு மூன்றில் வைத்தார். நான் சொல்லப்போகிற வருடத்தில் எல்லாம் நாலு.

அந்த வருடம் டவுனில் கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியார் வீட்டிலிருந்து சோடிக் குழல் திரும்பி வந்தது. "எண்ணெய்ச் சட்டியில மிளகாய் பொரியிற மாதிரி இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐயா போய்ப் பார்த்துவிட்டு, சீமெந்துத் தரை, பாய் விரிக்கவேணும் என்றார். பாய் விரித்தும் அவர்கள் எடுக்கவில்லை. அடுத்தது ஏறாவூர் முதலாளி ஒருவருடையது. அதற்குத் தகரக் கூரைதான் காரணம் என்றார். அதுவும் வந்து கொட்டிலில் இருந்தது.

மூன்றாவது, பழுகாமத்துப் போடியார் சொல்லிவைத்தது. போடியாருக்கு வட்டையில் நிறைய வயல். அவருடைய பெண்சாதி விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். அவ அறைக்குள் கிடந்தபடி பாட்டுக் கேட்கத்தான் குழல்.

"இதுவும் திரும்பினா நான் கொட்டிலைப் பூட்டிப்போட்டுக் கொழும்புக்குப் போறன்" என்றார் ஐயா. கோபத்தில் சொல்லவில்லை. பசை முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். குழல் ஒட்டத் தெரிந்தவளுக்கு அந்தக் கரையில் வேறு ஆர் வேலை தருவார்? நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம்.

அந்தக் கிழமையில்தான் ஐயா தன் சட்டைப்பை மணிக்கூட்டைத் தந்து, நின்றுபோச்சு, காத்தான்குடியில் காசிம் காக்காவிடம் கொடுத்து வா என்றார். காக்கா என்றால் அங்கே அண்ணன்; அவர் மணிக்கூடு திருத்துகிறவர். அதைக் கண்டதும் சிரித்தார்.

"மூணாந்தரம் அனுப்பியிரிக்காரு உங்கட ஐயா. இது ஓடுது புள்ள. என்ட பொஞ்சாதிட வாயவிட நல்லா ஓடுது. இந்தா, காதுல வச்சிப் பாரு."

வைத்தேன். டிக் டிக் என்று ஓடியது.

"அப்ப ஐயாட்ட என்ன சொல்லுற, காக்கா?"

"எண்ணெ விட்ட எண்டு சொல்லு. போன தரமும் நான் அதத்தான் சொன்ன." பிறகு குரலைக் குறைத்தார். "என்ட வாப்பாக்கும் இப்பிடித்தான். ஆள் பறையிறது எல்லாம் கேக்கும். குருவி கத்துற கேக்காது, மணிக்கூடு கேக்காது. மணிக்கூட்டுலதான் பிழையெண்டு என்னோட சண்டை புடிச்சிக்கிட்டு இருந்தாரு."

திரும்பி நடந்து வரும்போது எனக்கு விளங்கியது. ஆனாலும் கண்ணால் பார்க்கவேணும் என்று நினைத்தேன். அடுத்த நாள் போடியாரின் குழலுக்கு ஐயா முனை வைத்தார். இசைத்தட்டில் பாட்டுத் தொடங்க முன்னம் ஊசி கொஞ்ச நேரம் சும்மா ஓடும். அப்போது உஸ் என்று ஒரு சீறல் மட்டும் வரும். நாலாம் முனையில் அந்தச் சீறல் எங்கள் பல்லைக் கூசவைத்தது. பொன்னம்மா தோளால் காதைப் பொத்தினாள். ஐயா குழலுக்குக் கிட்டக் குனிந்து, "ஊசியை வைச்சிட்டியா?" என்று கேட்டார்.

அவருடைய காது மேல் சத்தத்தை விட்டுவிட்டது. தனக்குக் கேட்கிற அளவுக்கு மகளைக் கூட்டினார். மற்றவர்களுக்கு அது பொரிந்தது. தரையிலும் கூரையிலும் ஒரு பிழையும் இல்லை.

சொல்லவேணும் என்று போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"என்ன தங்கம்?"

"மணிக்கூட்டுக்கு எண்ணெய் விட்டதாம், ஐயா."

"ஆ, சரி" என்று வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் ஐயா சாப்பிடப் போன நேரம், கத்தியைச் சுடவைத்து அரக்கைப் பெயர்த்தேன். ஆணியை நாலிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். புது அரக்கு உருக்கி விட்டு, அவருடைய பொத்தானை எடுத்துக் குத்தினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே களவு அது. முத்திரை நேராக விழுந்தது. திரும்பினால் பொன்னம்மா பசைப் பானையோடு நிற்கிறாள்.

"நான் ஒண்டையும் காணல்லகா" என்றாள். "பொத்தானை நேராக் கொழுவு. அவர் கோணலாக் கொழுவ மாட்டார்."

தோணியில் ஆடினால் ஒட்டு விடும் என்பதால் ஒட்டுப் பார்க்க என்னையும் ஐயா பழுகாமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். போடியார் வீட்டு விறாந்தையில் குழலைப் பொருத்தினோம். வேலைக்காரர் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். போடியார் பெண்சாதியின் அறை சுவருக்கு அந்தப் பக்கம். கதவுக்குத் திரை போட்டிருந்தது. அவவுக்கு விறாந்தை தெரியாது. தட்டு ஓடத் தொடங்கியது. போடியார் ஒரு கையால் தொடையில் தாளம் போட்டார். உள்ளே இருந்து, "ஆளே வந்து பாடுறாப்போல இரிக்கு" என்று குரல் வந்தது.

நான் ஒட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ஐயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லை. மகள் வாயடைச்சுப்போய் இருக்காள்" என்றார்.

"நல்லாத்தானே இருக்கு, ஐயா" என்றார் போடியார்.

"தோணியில ஏதோ கழண்டிட்டு." சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து அரக்கைக் குத்தி உடைத்தார். ஆணி இரண்டில் இருந்தது. முறுக்கின ஆணி தானாக இரண்டு முனை நகராது. அதை அவரைவிட ஆருக்குத் தெரியும்? என் பக்கம் திரும்பவில்லை. ஆணியை நாலுக்கு மாற்றினார்.

உடனே உள்ளே இருந்து, "ஏன் இப்ப பொரியுது? முன்னம் இருந்தாப்போல வையுங்களன்."

போடியார் வெட்கப்பட்டுப்போனார். "நீ சும்மா கிடகா. ஐயாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?"

"அவரு தன்ட வீட்டுலயா வச்சிக் கேக்கப்போறாரு? கிடந்து கேக்கிறவ நான்."

வேலைக்காரர் சிரித்தார்கள். ஐயா கையைக் காட்டி அமர்த்தினார். "இன்னொருக்கா ஓடவிடு" என்று எனக்குச் சொன்னார். ஆணியை மூன்றுக்கு மாற்றினார்.

"இப்ப கொஞ்சம் தேவல" என்றது திரைக்கு அந்தப் பக்கம்.

இரண்டு.

"ஓம், இதுதான்."

ஒன்று.

"இப்ப பாட்டுப் போர்வைக்குள்ள போயிட்டு."

மறுபடி நாலு.

"ஐயோ, துவங்கிட்டு பொரியல்!"

ஐயா அப்படி மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தார். ஒழுங்கு மாற்றி வைத்தார். சில தரம் மாற்றாமலே கையை மட்டும் அசைத்தார். "அப்பிடியேதான் இரிக்கு, என்ன செய்யிறீங்க?" என்று அதையும் சொன்னா. பெட்டியைக் காணாமல், படுத்த படுக்கையில் கிடந்து, ஒருதரம்கூடப் பிழையாகச் சொல்லவில்லை. போடியாருக்கும் மற்றவர்களுக்கும் அது ஒரு விளையாட்டாக இருந்தது. ஐயாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் அவருக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை என்பதை நான் பார்த்தேன். ஆணியைத் திருப்பிவிட்டு, தன் காதால் ஒன்றும் செய்யாமல், திரையைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

கடைசியில் ஆணிமுறுக்கியைக் கீழே வைத்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"உனக்கும் அப்பிடித்தான் கேட்டதா?"

"ஓம், ஐயா."

"எவ்வளவு நாளா?"

"இந்த வருசம் முழுக்க."

"கொட்டிலில எல்லாருக்கும்?"

"ஓம், ஐயா."

தலையை ஆட்டினார். ஆணியை இரண்டில் வைத்து முறுக்கினார். அரக்கை உருக்கி விட்டார். சட்டைப்பையிலிருந்து பொத்தானை எடுத்து என் கையில் தந்து, "நீ குத்து" என்றார். இந்தத் தரம் முத்திரை கொஞ்சம் சரிந்து விழுந்தது.

போடியாரிடம் எழுந்து நின்று சொன்னார்: "என்ட காதுக்கு மேல் சத்தம் கேக்கிறது இல்லை. நான் வைச்சது பிழை. வீட்டுக்காரம்மா சொன்னது சரி." அவ்வளவு பேருக்கு முன்னால் சொன்னார். வேலைக்காரரில் ஒருவன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். போடியார் இளநீர் வெட்டச் சொன்னார்.

திரும்பும்போது வாவியில் காற்று இல்லை. தோணிக்காரன் கம்பை ஊன்றித் தாங்கிக்கொண்டு போனான். பாதி வழியில் ஐயா கத்தியைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, "களவா மாத்தினதுக்கு நான் ஏசல்ல" என்றார். "கொட்டிலுக்குள்ள சொல்லியிருந்தா நாலு பேரோட போயிருக்கும்."

அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். அதே மௌனம்தான் அவரை அந்த விறாந்தையில் கொண்டுபோய் நிறுத்தியது. கூச்சம் ஒரு நல்ல குணம் என்று என் தாய் சொல்லி வளர்த்திருந்தா. அன்றைக்குத் தோணியில் எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

ஐயா கொட்டிலைப் பூட்டவில்லை. திரும்பி வந்த இரண்டு சோடியையும் இரண்டாம் முனைக்கு மாற்றி அனுப்பினார். சீமெந்துத் தரையும் தகரக் கூரையும் இருந்தபடியே இருக்க, அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு முனை வைக்கும்போது நாற்காலியைக் குழலுக்குப் புறங்காட்டிப் போட்டுக்கொண்டு, எங்கள் நாலு பேரின் முகத்தைப் பார்ப்பார். "பொன்னம்மா, நெத்தியைச் சுருக்கிறாய். ஒண்டு குறைப்பமா?" என்பார். எங்கள் முகத்தைப் பார்த்தே இன்னும் பதினொரு சோடி செய்தோம். ஒன்றும் திரும்பி வரவில்லை. யுத்தம் வந்து செப்புக் கம்பி நின்றபிறகுதான் கொட்டில் நின்றது.

அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் கொட்டிலுக்குள் வந்ததும் ஐயா என் மேசைக்கு முன்னால் நிற்பார். "சொல்ல ஏதும் இருக்கா?" என்று கேட்பார். பழுகாமம் போய் வந்த மறுநாள் தொடங்கினது அது. முதல் நாள் இல்லை என்றேன். இரண்டாம் நாளும் இல்லை என்றேன். மூன்றாம் நாள் ஒன்று இருந்தது. ஏறாவூருக்கு அனுப்ப இருந்த குழலின் கழுத்துக்குள் ஐயா தன் கையால் பூசின அரக்கு கொப்புளம் போட்டிருந்தது. ஆனாலும் சொன்னேன்.

ஐயா குனிந்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

"ம். சுரண்டு" என்றார்.